இதயத் தாளம் தப்பப் போவதை ரத்தப் பரிசோதனை முன்னாடியே சொல்லுமா?

கேட்டவர் புதுச்சேரி முத்தியால்பேட்டைக்காரர், வயது 46. அப்பாவுக்கு 71 வயதில் பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்த பிறகுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் தாளக் கோளாறு இருந்ததே வீட்டுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பயத்தில் இப்போது அம்மாவுக்கு (68 வயது, பிரஷர், சுகர் இரண்டும் உண்டு) ஏதோ 'ஹார்ட் ரிதம் பேக்கேஜ்' என்று ஒரு லேபில் எடுத்திருக்கிறார். ரிப்போர்ட்டில் என்.டி.-புரோ பி.என்.பி. (இதயச் சுவர் இழுபட்டால் ஏறுவது) 340, ஹெச்.எஸ்.-சி.ஆர்.பி. (உடம்பில் அழற்சி இருந்தால் ஏறுவது) 6.2, ட்ரோபோனின் நார்மல், காலெக்டின்-3 கொஞ்சம் அதிகம். அம்மாவுக்கும் வரப்போகிறதா, இப்போதே ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஆரம்பிக்கலாமா, நானும் இந்த டெஸ்ட் எடுத்துக்கொள்ள வேண்டுமா என்று மூன்று கேள்விகள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இதய டாக்டர் இல்லை. கடலூரில் 22 வருடமாக பயோகெமிஸ்ட்ரி லேபில் இருக்கிறேன், இந்த எண்கள் மெஷினிலிருந்து வெளியே வருகிற இடத்தில் நிற்கிறவன். அதனால் ஒரு எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது தெரியும். மருந்து முடிவு உங்கள் டாக்டருடையது. குறுகிய பதில் வேண்டுமென்றால் இதோ: 340 என்பது 'வரப்போகிறது' என்ற தீர்ப்பு இல்லை, 'இவங்களைக் கொஞ்சம் கூடுதலாகத் தேடிப் பாருங்கள்' என்ற துண்டுச் சீட்டு. அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு மாத்திரை போட முடியாது. ஆனால் குப்பையில் போடவும் கூடாது.

இனி விரிவாக.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரிவதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும், நிமிடத்துக்கு 350, 400, அதற்கும் மேல். அத்தனையும் கீழறைக்குப் போனால் ஆள் அங்கேயே விழுந்துவிடுவார். நடுவில் ஒரு கணு இருந்து சிலதை மட்டும் உள்ளே விடும், அதுவும் எந்த ஒழுங்கும் இல்லாமல். அதனால் கையில் பிடிக்கிற நாடியும் ஒழுங்கில்லாமல் வரும். பிரச்சினை துடிப்பு தப்புவதோடு நிற்பதில்லை. இடது மேலறையில் காது மடல் மாதிரி ஒரு சின்னப் பை இருக்கிறது, மேலறை நடுங்கும்போது அந்தப் பையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகி, ஒருநாள் கிளம்பி மூளைக்குப் போய் அடைத்துக்கொள்ளும். அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் ஊர் மக்களை 1948-லிருந்து தொடர்ந்து கவனித்து வரும் ஆய்வில், இந்தக் கோளாறு இருப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு என்று தெரிந்தது. உங்கள் அப்பாவுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும்.

இதில் படுமோசமான விஷயம், பலருக்கு இது வந்து வந்து போகும். செவ்வாய்க்கிழமை ராத்திரி மூணு மணி நேரம் இருந்துவிட்டு, புதன்கிழமை காலையில் டாக்டரிடம் போகும்போது சமத்தாக உட்கார்ந்திருக்கும். பத்து விநாடி இ.சி.ஜி.-யில் எப்படி மாட்டும்? அதனால்தான் 'ரத்தத்தில் ஏதாவது தடயம் விட்டிருக்குமா' என்று உலகம் முழுக்கத் தேடுகிறார்கள்.

தடயம் உண்டு, அது கிடைத்த கதை சுவாரசியமானது. 1981-இல் கனடாவில் அடோல்ஃபோ டி போல்ட் என்பவர் எலியின் இதய மேலறைத் தசையை அரைத்து அந்தச் சாற்றை வேறு எலிகளுக்கு ஏற்றினார். எலிகள் உப்பும் நீருமாகக் கொட்டித் தீர்த்துவிட்டன. ரத்தத்தைத் தள்ளுகிற பம்ப் என்று நினைத்துக்கொண்டிருந்த உறுப்பு, ஹார்மோன் சுரக்கும் சுரப்பியும்கூட என்று அப்போதுதான் தெரிந்தது. 1988-இல் ஜப்பானியர்கள் பன்றி மூளையிலிருந்து இதே குடும்பத்தில் இன்னொன்றைப் பிரித்தெடுத்து, மூளையில் கிடைத்ததால் பெயரிலும் மூளையைச் சேர்த்துவிட்டார்கள். பி.என்.பி.-யில் முதல் எழுத்தான 'பி', மூளையைக் குறிக்கும் 'பிரெய்ன்'தான். பிறகு பார்த்தால் பெரும்பகுதி இதயத்திலிருந்துதான் வருகிறது. பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது, அந்தக் காலத்தில் வைத்த வீட்டுப் பெயர் மாதிரி.

இதயச் சுவர் இழுபடும்போது, அதாவது உள்ளே அழுத்தம் ஏறும்போது, இது சுரக்கும். 108 அமினோ அமிலம் கொண்ட ஒரு நீள இழையாக உருவாகி இரண்டாக வெட்டப்படும்: 32 கொண்ட துண்டு வேலை செய்கிற பி.என்.பி., 76 கொண்ட மிச்சத் துண்டு என்.டி.-புரோ பி.என்.பி. மிச்சத் துண்டுக்கு உடம்பில் வேலை எதுவும் இல்லை, ஆனால் லேபுக்கு அதுதான் வசதி. பி.என்.பி. உடம்பிலேயே இருபது நிமிடத்தில் பாதியாகிவிடும், டியூபிலும் சீக்கிரம் கெடும், பிளாஸ்டிக் ஈ.டி.டி.ஏ. டியூபில் எடுத்து நாலு மணி நேரத்துக்குள் ஓட்டியாக வேண்டும். என்.டி.-புரோ பி.என்.பி. அப்படிப் படுத்தாது. வில்லியனூரில் காலையில் எடுத்து மத்தியானம் ஓட்டினாலும் எண் மாறாது.

சரி, உங்கள் அம்மாவின் 340-க்கு வருவோம். வெளிநோயாளிக்கு 125-க்குக் கீழே இருந்தால் இதயச் செயலிழப்பு அநேகமாக இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். மூச்சுத் திணறலோடு அவசரப் பிரிவுக்கு வருகிறவருக்கு அந்தக் கோடு 300. ஆனால் இந்த எண் பல காரணங்களுக்காக ஏறும். வயது ஏற ஏற ஏறும். பெண்களுக்கு ஆண்களைவிடச் சற்று அதிகம். சிறுநீரகம் தளர்ந்தால் வெளியேறாமல் தேங்கி ஏறும், உங்கள் அம்மாவுக்குச் சுகர் வேறு இருக்கிறது, கிரியாட்டினின் எவ்வளவு என்று நீங்கள் எழுதவே இல்லை! வருடக்கணக்கில் பிரஷர் இருந்து இதயச் சுவர் தடித்திருந்தால் ஏறும். இன்னொரு பக்கம், உடம்பு பருமனாக இருந்தால் குறைத்துக் காட்டும். இதயச் செயலிழப்புக்குக் கொடுக்கும் சாகுபிட்ரில்-வால்சார்ட்டன் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு பி.என்.பி. பொய்யாக ஏறும், என்.டி. வகை அப்படி ஏமாறாது. அப்புறம் முக்கியமானது: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் ஏற்கெனவே இருந்தாலும் இது ஏறும். 340 என்பது வரப்போவதற்கான அறிகுறியாக இல்லாமல், வந்து ஒளிந்திருப்பதன் அடையாளமாகவும் இருக்கலாம். தேடிப் பாருங்கள் என்று நான் சொன்னதற்குக் காரணம் அதுதான்.

இதை யாரும் குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. 2013-இல் சார்ஜ்-ஏஎஃப் என்று ஒரு மதிப்பீடு வந்தது. வயது, உயரம், எடை, பிரஷர், புகை, சுகர், முன்பு வந்த மாரடைப்பு, இதயச் செயலிழப்பு மாதிரி டாக்டர் கேட்டே தெரிந்துகொள்ளக்கூடிய விஷயங்களை வைத்து அடுத்த ஐந்து வருடத்தில் வரும் வாய்ப்பைக் கணக்கிடுவது. அடுத்த வருடமே அதனோடு பி.என்.பி.-யையும் சி.ஆர்.பி.-யையும் சேர்த்துப் பார்த்தார்கள். பி.என்.பி. சேர்த்ததும் கணிப்பு நன்றாகக் கூர்மையானது. சி.ஆர்.பி. சேர்த்ததால் சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் மாறவில்லை. பேக்கேஜ் விற்கிறவர்கள் இந்த இரண்டாவது வரியை மட்டும் எப்போதும் மறந்துவிடுவார்கள்.

ஆக உங்கள் ரிப்போர்ட்டில் 6.2 என்று சிவப்பில் இருக்கிற சி.ஆர்.பி.-யைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். முட்டி வலி, ஈறு வீக்கம், போன வாரச் சளி, சர்க்கரைப் புண், எதற்கும் ஏறும். ஊரில் சிக்கன்குனியா வரும் சீசனில் எங்கள் மெஷினில் சி.ஆர்.பி. நார்மலாக வந்தால்தான் ஆச்சரியம். காலெக்டின்-3 இதயத் தசையில் நார் படிவதைக் காட்டும் என்று பேசப்படுகிறது, கூட்டம் கூட்டமாகப் பார்க்கும் ஆய்வுகளில் தொடர்பு தெரிகிறது, தனி ஒரு ஆளுக்கு 'கொஞ்சம் அதிகம்' என்றால் என்ன செய்வது என்று எந்த டாக்டருக்கும் பிடிமானமான பதில் கிடையாது. செய்ய ஒன்றும் இல்லாத டெஸ்ட்டுக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். எங்கள் தொழில் என்பதற்காக நான் இதை மறைக்கப் போவதில்லை.

ட்ரோபோனின் நார்மல் என்பது நல்ல செய்தி, ஆனால் அது இந்தக் கேள்விக்கான டெஸ்ட் அல்ல, தசை செத்துக்கொண்டிருக்கிறதா என்பதற்கானது. அதன் உயர் உணர்திறன் வகை வேறு ஒரு இடத்தில் உதவுகிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உறுதியானவர்களில் யாருக்குப் பக்கவாத அபாயம் அதிகம் என்று பிரிக்க வயது, முன்பு வந்த பக்கவாதம், ட்ரோபோனின், என்.டி.-புரோ பி.என்.பி. நான்கையும் சேர்த்து ஒரு மதிப்பெண் 2016-இல் உருவாக்கினார்கள். இந்த ரத்தக் குறிகள் நோய் வந்த பிறகு பேசுகிற அளவுக்கு, வருமுன் தெளிவாகப் பேசுவதில்லை.

புதிதாக வருகிறவற்றில் எனக்கு ஆர்வமூட்டுவது இரண்டு. ஒன்று எஃப்.ஜி.எஃப்.-23, எலும்பிலிருந்து வந்து பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன். 2019-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 638 நோயாளிகளிடம் 40 ரத்தக் குறிகளைப் போட்டு அலசியதில், வயது, ஆணா பெண்ணா என்பது, உடல் பருமன் மூன்றோடு சேர்ந்து தாக்குப்பிடித்தவை பி.என்.பி.-யும் இந்த எஃப்.ஜி.எஃப்.-23-யும் மட்டும்தான். நாற்பதில் இரண்டு. இன்னொன்று பி.எம்.பி.-10, இது பெரும்பாலும் மேலறையிலிருந்து மட்டும் வருகிற புரதம். கீழறைச் சத்தம் கலக்காமல் மேலறையின் குரலை மட்டும் கேட்க முடியுமா என்பதுதான் அதன் மேல் இருக்கிற ஆசை. இரண்டுமே இன்னும் ஆராய்ச்சி அறைக்குள் இருப்பவை. யாராவது பேக்கேஜில் சேர்த்துத் தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இப்போது ஒரு கணக்கு. இது ஆய்வு எண் இல்லை, புரிவதற்காக நான் போடுவது. உங்கள் அம்மா மாதிரி ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அடுத்த மூன்று வருடத்தில் அதில் 30 பேருக்கு இந்தக் கோளாறு வரப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். டெஸ்ட் நல்ல டெஸ்ட், 30-இல் 24 பேரைப் பிடித்துவிடுகிறது. ஆனால் வராத 970 பேரிலும் 290 பேருக்கு வயதாலோ கிட்னியாலோ பிரஷராலோ எண் ஏறித்தான் இருக்கும். மொத்தம் 314 பேர் கையில் சிவப்பு ரிப்போர்ட், அதில் நிஜமாக வரப்போகிறவர்கள் 24, அதாவது பதின்மூன்று பேரில் ஒருவர். மீதிப் பன்னிரண்டு பேர் தூக்கம் கெட்டதுதான் மிச்சம். ஆனால் இதே கணக்கை மறுபக்கம் பாருங்கள். எண் குறைவாக வந்த 686 பேரில் வரப்போவது 6 பேருக்கு மட்டும், நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. இந்த டெஸ்டின் பலம் அங்கேதான், அது 'இல்லை' என்று சொல்லும்போது ஓரளவு நம்பலாம், 'ஆமாம்' என்று சொல்லும்போது சாட்சி கேட்க வேண்டும்.

ஸ்வீடன்காரர்கள் இதைப் புத்திசாலித்தனமாகப் பயன்படுத்தினார்கள். ஸ்ட்ரோக்ஸ்டாப் என்ற அவர்களுடைய இரண்டாவது ஆய்வில், 75, 76 வயதுக்காரர்களைக் கூப்பிட்டு என்.டி.-புரோ பி.என்.பி. எடுத்தார்கள். 125-க்குக் கீழே என்றால் ஒரே ஒரு இ.சி.ஜி.-யோடு அனுப்பிவிட்டு, அதற்கு மேல் உள்ளவர்களுக்கு மட்டும் கையடக்க இ.சி.ஜி. கருவி கொடுத்து இரண்டு வாரம் வீட்டில் பதிவு செய்யச் சொன்னார்கள். ரத்தம் நோயைச் சொல்லவில்லை, யாரைத் தேடுவது என்று மட்டும் சொன்னது. சீட்டு என்று நான் சொன்னது இதைத்தான்.

தேடுவதிலும் ஒரு எல்லை உண்டு. டென்மார்க்கில் 70-லிருந்து 90 வயதுக்குட்பட்ட ஆறாயிரம் பேரில் ஒரு பகுதியினருக்குத் தோலுக்கடியில் கருவியைப் பதித்து வருடக்கணக்கில் கவனித்தார்கள், லூப் ஆய்வு, 2021-இல் வெளியானது. கருவி வைத்தவர்களில் 31.8 சதவீதத்தினருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் கண்டுபிடிக்கப்பட்டது, வைக்காதவர்களில் 12.2. கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு! ஆனால் பக்கவாதம் உறுதியாகச் சொல்லும்படி குறையவில்லை. எப்போதோ ஆறு நிமிடம் வந்து போகிற நடுக்கமும், நாள் கணக்கில் நிற்கிற நடுக்கமும் ஒன்றல்ல. அதனால் 'எவ்வளவு தேட முடியுமோ அவ்வளவும் தேடு' என்றும் நான் சொல்ல மாட்டேன்.

இப்போது எங்கள் வீட்டுக் கதை ஒன்று. நெல்லிக்குப்பத்தில் இருக்கிற என் தாய்மாமா, சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். தை அஞ்சாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்கு வந்தவர், சிறுவள்ளிக் கிழங்குப் பையைத் திண்ணையில் வைத்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். "வெயிலு" என்றார். தை மாசத்தில் என்ன வெயில்? "மாமா, கையக் குடுங்க" என்றேன். "என்னடா, ரேகை பாக்கப் போறியா?" என்று சிரித்துக்கொண்டே நீட்டினார். மூன்று விரலை வைத்தேன். மழை விட்ட பிறகு ஓட்டுக் கூரை ஓரத்தில் தண்ணீர் சொட்டுமே, இரண்டு சேர்ந்தாற்போல, அப்புறம் ஒரு இடைவெளி, ஒன்று, சட்டென்று மூன்று, அடுத்தது எப்போது என்று சொல்லவே முடியாது, அப்படி இருந்தது. சாயங்காலமே மஞ்சக்குப்பத்தில் இ.சி.ஜி. எடுத்தோம், அதுவேதான். வீட்டில் போய்ப் பழைய ஃபைலைப் புரட்டினால், ஏழு மாதம் முன்பு ஒரு ஃபுல் பாடி செக்கப் எடுத்திருக்கிறார், எண்பது சொச்சம் டெஸ்ட், எல்லாம் பச்சை. அந்த எண்பதுக்கும் ஊசி குத்திய கை அதே கைதான். அதில் நாடி பார்க்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

அதனால் அம்மாவுக்கு முதல் வேலை இது. ஐந்து நிமிடம் உட்கார வைத்து, கட்டை விரல் அடியில் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து, ஒரு நிமிடம் முழுசாகப் பாருங்கள். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்குகிற பழக்கம் இங்கே உதவாது, இங்கே எண்ணிக்கை முக்கியமில்லை, இடைவெளிதான் முக்கியம். நடுவில் ஒன்று தவறி உடனே பழைய ஓட்டத்துக்கு வந்துவிட்டால் அது பெரும்பாலும் தனித் துடிப்பு, அடுத்த முறை டாக்டரிடம் சொன்னால் போதும். ஒழுங்கே பிடிபடவில்லை என்றால் அன்றைக்கே, அது நடந்துகொண்டிருக்கும்போதே இ.சி.ஜி. எடுக்க ஓடுங்கள். வீட்டில் இருக்கிற சில பிரஷர் மெஷின்களில், அளந்து முடிந்த பிறகும் இதயப் படம் ஒன்று மினுக்கி மினுக்கிக் காட்டும், பலர் அதை பேட்டரி குறைவு என்று நினைத்துவிடுகிறார்கள். துடிப்பு ஒழுங்கில்லை என்று மெஷின் சொல்வது அது, திரும்பத் திரும்ப வந்தால் கவனியுங்கள். ஸ்மார்ட் கைக்கடிகாரமும் உதவும்: 2019-இல் வெளியான ஆப்பிள் ஆய்வில் 4,19,297 பேரில் எச்சரிக்கை வந்தது 0.52 சதவீதத்தினருக்கு மட்டும், அவர்களில் மார்பில் இ.சி.ஜி. பட்டை ஒட்டி மறுபடி பதிவு செய்து அனுப்பியவர்களில் 34 சதவீதத்தினருக்குக் கோளாறு உறுதியானது. எச்சரிக்கை வந்தாலே நோய் என்று இல்லை. நோய் என்று எழுத ஆஸ்பத்திரியில் எடுக்கிற முழு இ.சி.ஜி.-யோ, சின்னக் கருவி என்றால் 30 விநாடியாவது ஓடிய பதிவோ வேண்டும், அதைப் படித்த ஒரு டாக்டரும் வேண்டும்.

அம்மாவுக்கு 340 இருப்பதால், ஒரு எக்கோவும் (இதய ஸ்கேன்) ஹோல்ட்டரும் (உடம்பில் மாட்டிக்கொண்டு தொடர்ந்து இ.சி.ஜி. பதிவு செய்யும் கருவி) கேட்டுப் பாருங்கள், 24 மணி நேரத்தைவிட நீளமாகக் கிடைத்தால் நல்லது. எக்கோவில் மேலறை விரிந்திருக்கிறதா, வால்வு எப்படி இருக்கிறது என்று தெரியும். வால்வு என்றதும் ஒன்று. நம் பக்கத்தில் சின்ன வயதில் தொண்டை வலியும் மூட்டு வீக்கமுமாக வந்து, முப்பது வருடம் கழித்து மைட்ரல் வால்வு சுருங்கி நிற்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தாளம் தப்பினால் கணக்கே வேறு. ரத்தம் உறையாமல் தடுக்க, புது மாத்திரை ரிவராக்ஸபானைவிடப் பழைய வார்ஃபரின் வகைதான் அவர்களுக்கு மேல் என்று 4,500-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த இன்விக்டஸ் ஆய்வு 2022-இல் காட்டியது. வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்ற டெஸ்ட்) பார்க்க மாதம் ஒருமுறை அலைகிற தொல்லையைப் பார்த்து 'புது மாத்திரைக்கு மாறிக்கலாமா' என்று எங்கள் கவுண்டரில் கேட்கிறவர்களுக்கு இதனால்தான் டாக்டரைக் கேளுங்கள் என்கிறேன்.

அடுத்து ரத்தத்தில் உண்மையிலேயே எடுக்க வேண்டியவை. பேக்கேஜில் எதையெல்லாமோ வைத்துவிட்டு இதை விட்டிருக்கிறார்கள் பாருங்கள்: தைராய்டுக்கான டெஸ்ட், டி.எஸ்.ஹெச். தைராய்டு வேகமாக ஓடினால் இந்த எண் குறையும், இதயமும் தாளம் தப்பும். 60 வயது தாண்டியவர்களில் டி.எஸ்.ஹெச். 0.1-க்குக் கீழே போனவர்களுக்குப் பத்து வருடத்தில் இந்தக் கோளாறு வரும் வாய்ப்பு மூன்று மடங்கு என்று ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு 1994-லேயே சொல்லிவிட்டது. விலையில் உங்கள் பேக்கேஜுக்குப் பக்கத்திலேயே வராது, எண் கோணலாக வந்தால் மருந்தும் இருக்கிறது. தைராக்சின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு டோஸ் அதிகமாகி இப்படி ஆவதும் உண்டு. கூடவே கிரியாட்டினின், பொட்டாசியம், மெக்னீசியம், ஹீமோகுளோபின். எண் கோணலாக வந்தால் சரி செய்யக்கூடியவை, அதனால்தான் எனக்கு இவற்றின் மேல் மரியாதை.

லேப்காரன் என்ற முறையில் இரண்டு எச்சரிக்கை. பொட்டாசியம் எடுக்கும்போது கயிற்றை இறுக்கிக் கட்டி, கையை மூடி மூடித் திறக்கச் சொல்லி, அந்த டியூபை வெயிலில் டூவீலர் பெட்டியில் வைத்து ஆட்டிக்கொண்டு வந்தால் செல் உடைந்து எண் எகிறும். ஒருமுறை வெளியிலிருந்து வந்த சாம்பிளில் 6.8 காட்டியது. சென்ட்ரிஃபியூஜில் சுற்றி எடுத்தால் மேலே தெளிவாக மஞ்சளாக நிற்க வேண்டிய சீரம் ரோஸ் மில்க் நிறத்தில் இருந்தது. நேரில் வரவழைத்து மறுபடி எடுத்தோம், 4.3. இரண்டாவது, முடி கொட்டுகிறது என்று சாப்பிடுகிற பயோட்டின் மாத்திரை. பெரிய டோஸில் இது சில மெஷின்களைக் குழப்பும்: டி.எஸ்.ஹெச். பொய்யாகக் குறைந்து, தைராய்டு ஹார்மோனான டி-4 பொய்யாகக் கூடி, இல்லாத தைராய்டு நோயைக் காட்டும், ட்ரோபோனினையும் குறைத்துக் காட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2017-இல் எச்சரித்தது. அம்மா சாப்பிடுகிறார்களா என்று கேளுங்கள். சாப்பிட்டால் இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுக்கலாம், எத்தனை நாள் என்பதை டாக்டரிடமோ லேபிலோ கேட்டுக்கொள்ளுங்கள்.

முன்கூட்டியே மாத்திரை? வேண்டாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை ரத்தக் கசிவையும் கூட்டும், கோளாறு இ.சி.ஜி.-யில் உறுதியாகாமல் வெறும் என்.டி.-புரோ பி.என்.பி.-யைப் பார்த்து எந்த வழிகாட்டுதலும் அதைத் தரச் சொல்லவில்லை. ஆனால் உறுதியானால் தயங்கவும் வேண்டாம். பக்கவாத அபாயத்துக்குப் போடுகிற மதிப்பெண்ணில் பிரஷருக்கு ஒன்று, சுகருக்கு ஒன்று, 65 தாண்டியதற்கு ஒன்று என்று உங்கள் அம்மாவுக்கு இப்போதே மூன்று இருக்கிறது. 2024 ஐரோப்பிய வழிகாட்டுதலில் பெண் என்பதற்காகத் தந்துவந்த ஒரு புள்ளியை எடுத்துவிட்டார்கள், எடுத்த பிறகும் மூன்று. இரண்டு வந்தாலே மாத்திரை பரிந்துரைக்கப்படுகிறது. இதனால்தான் அவர்களைத் தேடிப் பார்ப்பது வீண் வேலையில்லை என்கிறேன். இடையில் வாய் கோணல், கை தொங்குவது, பேச்சுக் குழறல் எது வந்தாலும் ரிப்போர்ட்டைத் தேடிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள், கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.

கடைசியாக நீங்கள். அப்பாவுக்கு இருந்ததால் உங்களுக்கு வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பது உண்மை, 2007-இல் நான்காவது குரோமோசோமில் இதற்கான ஒரு இடத்தையே ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் 46 வயதில் சிறிய எண்ணின் இரண்டு மடங்கும் சிறிய எண்தான். பிரஷர் பாருங்கள், ஒரு இ.சி.ஜி., ஒரு டி.எஸ்.ஹெச்., போதும். அறிகுறி எதுவும் இல்லாமல் உங்களுக்கு என்.டி.-புரோ பி.என்.பி. வேண்டியதில்லை.

அதைவிட, வாரத்துக்கு எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று யாராவது கேட்டார்களா? புதுச்சேரியில் இருந்துகொண்டு இதைக் கேட்காமல் இருப்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. சனி ஞாயிறு குடித்துவிட்டுத் திங்கட்கிழமை தாளம் தப்பி வருகிறவர்களைப் பார்த்து 1978-லேயே இதற்கு 'விடுமுறை இதயம்' என்று பெயர் வைத்தார்கள். 2020-இல் ஆஸ்திரேலியாவில், ஏற்கெனவே இந்தக் கோளாறு இருந்து வழக்கமாகக் குடித்துவந்த 140 பேரில் பாதிப் பேரை நிறுத்தச் சொல்லி ஆறு மாதம் பார்த்தார்கள். தொடர்ந்து குடித்தவர்களில் 73 சதவீதத்தினருக்குத் திரும்ப வந்தது, நிறுத்தச் சொன்னவர்களில் 53. எடையும் அப்படித்தான், இந்தக் கோளாறு இருந்த பருமனானவர்களில் பத்து சதவீத எடையைக் குறைத்து நிறுத்தியவர்கள், தாளம் தப்பாமல் இருக்கும் வாய்ப்பில் மற்றவர்களைவிட ஆறு மடங்கு முன்னால் நின்றார்கள் என்று அடிலெய்டில் இருந்து 2015-இல் வந்தது.

அம்மாவின் கிரியாட்டினினும் டி.எஸ்.ஹெச்.-சும் வந்த பிறகு எழுதுங்கள், 340-ஐ அதோடு வைத்துப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் தெளிவாகச் சொல்ல முடியும். நாடியை இன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாலேயே பார்த்துவிடுங்கள்.